சைரன் ஊதினால் எங்கே போவார்கள்

சிரிக்கிற முகம் ஒன்று, உம்மென்று இருக்கிற முகம் ஒன்று. போன மாதம் நான் ஓய்வுபெறும்போது எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் இந்த இரண்டு முகங்களையும் ஒரு சின்னத் திரையில் போட்டு, தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி ஜன்னலில் மாட்டி வைத்திருந்தார்கள். மருந்து வாங்கிப் போகிறவர்கள் ஏதாவது ஒரு முகத்தைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும். முதல் வாரம் முடிந்து பார்த்தால் ஏறக்குறைய எல்லோரும் சிரித்த முகத்தைத்தான் தொட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். எனக்குச் சிரிப்பு வந்தது. மருந்து கொடுக்கிற ஐயா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, உம்மென்ற முகத்தைத் தொட யாருக்கு மனம் வரும்?

“அப்ப நீங்கள்லாம் எப்படித்தான் அளந்தீங்க மிஸ்?” என்று கேட்டார்கள். அலுவலகத்து ஆண்டு மலருக்கு எழுதித் தரவும் சொன்னார்கள். எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் திட்டும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை என்னவென்று என் அம்மாவுக்கே கடைசிவரை புரியவில்லை. சுருக்கமாகச் சொன்னால், சனங்களுக்கு என்று யாராவது ஒன்றைச் செய்வார்கள். விண்ணப்பப் படிவம், மருந்து அட்டை, போன் திரை, அறிவிப்புப் பலகை, எதுவானாலும் சரி. அதைச் சனங்கள் உண்மையிலேயே பாவிக்க முடிகிறதா என்று பார்த்து, அளந்து, எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. பதுளை நகரில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. நான் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். உயர்தரம் படித்து, நான்கு வருடம் பாலர் பாடசாலையில் குழந்தைகளோடு கத்திவிட்டு இங்கே சேர்ந்தேன். அந்தக் கத்தல் என்னை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

எங்கள் மேலதிகாரி ரிஸ்வி சார். பதுளைக்காரர். மெலிந்த ஆள், எப்போதும் முழுக்கைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு நிறுத்தற் கடிகாரம். அவருடைய சட்டைப் பையில் கடதாசியில் சுற்றிய கித்துள் கருப்பட்டித் துண்டுகள் இருக்கும். அது பிளேன்டீக்காக என்றுதான் முதலில் நினைத்தேன்.

சேர்ந்த மாதத்திலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு மாத்திரை அட்டை வந்திருந்தது. காலை, பகல், இரவு என்று படம் போட்ட கட்டங்கள். ஒரு பிள்ளையிடம் அட்டையைக் காட்டி, “வெளங்குதாம்மா?” என்று கேட்டேன். “வெளங்குதுங்க மிஸ்” என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். பத்துப் பேரிடம் கேட்டேன், பத்துப் பேருக்கும் விளங்கிவிட்டது. பெருமையோடு தாளை நீட்டினேன்.

சார் அதைப் படிக்கவே இல்லை. “ராணி, உங்க கிட்ட வெளங்கலன்னு சொன்னா அது உங்களுக்கு மரியாதைக் கொறச்சல். அவங்க நல்ல புள்ளைங்க. கேக்காதீங்க. மாத்திரயக் கையில குடுத்து, கட்டத்துல வைக்கச் சொல்லிட்டு சும்மா இருங்க” என்றார்.

மறுநாள் போய் அப்படியே செய்தேன். முதல் பிள்ளை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கண்ணால் காட்டிய கட்டத்தில் வைத்தாள். இரண்டாமவள் விரலைச் சரியான கட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது, பாலர் பாடசாலைப் பழக்கத்தில் நான் தலையை ஆட்டிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் வைத்து சார் அந்தத் தாளை நான்காகக் கிழித்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

“வேல தொடங்கும்போது இத வாயில போடுங்க. கரையிற வரைக்கும் பேசக்கூடாது. கடிக்கவும் கூடாது.”

எங்கள் தாளில் நான்கு பத்திகள் இருந்தன. முடித்தாரா, எவ்வளவு நேரம், எங்கே தடுமாறினார் என்பவை முதல் மூன்றும். இந்த வேலை செய்கிற எல்லா இடத்திலும் அவை இருக்கும். நான்காவது பத்தி சாருடையது. அதற்கு அவர் வைத்த தலைப்பு, “யாரைப் பார்த்தார்.” ஒரு மனிதர் குழம்பிப்போன நேரத்தில் முதலில் யார் பக்கம் திரும்புகிறார் என்று அதில் எழுத வேண்டும். மருமகள் மாமியாரைப் பார்ப்பாள். அப்பா பள்ளிக்கூடம் போகிற மகளைப் பார்ப்பார். சிலர் வாசலைப் பார்ப்பார்கள். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறோம் என்று பல வருடம் எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்த பிறகு எங்கள் பக்கத்து லயங்களில் மழை இரவென்றால் ஒருவரும் தூங்குவதில்லை. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் ஒன்றில், கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் மழை அளக்கும் கருவியோடு வந்தது. கருவியோடு சைரன் பொருத்திய ஒரு பெட்டி இருந்தது. மழை ஓர் எல்லையைத் தாண்டினால் அது தானாகவே ஊதும், சனங்கள் லயத்தை விட்டு வெளியேற வேண்டும். எல்ல என்ற ஊருக்குப் போகிற பாதைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டப் பிரிவில் முதலில் பூட்டினார்கள். பிரிவின் பெயர் வேண்டாம். சரிவின் அடியில் நான்கு லயம், நாற்பத்திரண்டு குடும்பம். மேலே பாறைத் திட்டில் பாடசாலை, எண்பது படி ஏற வேண்டும். மண் இறங்கினாலும் பாடசாலைக்கு ஒன்றும் ஆகாது என்று மலையைப் பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

சனங்களைக் கூட்டி விளக்கினார்கள். நானும் இருந்தேன். சைரன் ஊதினால் பாடசாலைக்கு ஏறுங்கள் என்று மூன்று தடவை சொன்னோம். ஒத்திகையும் நடந்தது. சைரன் ஊதியது, எல்லோரும் வரிசையாக மேலே ஏறினார்கள். மேலே துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், நின்றார், நாங்கள் நின்றோம், பிஸ்கட்டும் பால்தேநீரும் வைத்திருந்தோம். பிஸ்கட் இருக்கிற இடத்துக்கு யார்தான் வரமாட்டார்கள்? நிறுவனத்திலிருந்து வந்த பொறியியலாளர் தம்பி ஆளுக்கொரு படம் பிடித்தார்.

“இது ஒத்திகை. அளவு இல்ல. சொல்லாம ஒருக்கா ஊதிப் பாக்கணும்” என்றார் ரிஸ்வி சார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு, துரைக்கு மட்டும் சொல்லிவிட்டு ஊதினோம். நல்ல தூறல். சார் அன்றைக்கு மேலே பாடசாலையில் நின்றார். பொறியியலாளர் தம்பி நடுவில். நான் கீழ் லயத்து முனையில், வாயில் கருப்பட்டியோடு, கையில் தாளோடு.

சைரன் ஊதியதும் கதவுகள் திறந்தன. எனக்கு மெய் சிலிர்த்தது. கிழவரைக் கைப்பிடித்துக் கூட்டி வருகிறார்கள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர்கூடத் தங்கவில்லை. ஆறு நிமிடத்தில் நான்கு லயமும் வெறிச்சோடிப் போனது. தம்பி தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஆனால் ஒருவரும் படி ஏறவில்லை. நாற்பத்திரண்டு குடும்பமும் என்னைத் தாண்டி, கீழே இறங்கி, ஓடை வளைவில் இருக்கிற பெரட்டுக்களத்துக்குப் போனது. காலையில் வேலைக்கு ஆள் கூட்டிப் பேர் கூப்பிடுகிற இடம் அது. மலை சரிந்தால் மண் முதலில் வந்து நிற்கிற இடமும் அதுதான். அங்கே போய் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கமாகக் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

கருப்பட்டியைக் கடித்து விழுங்கிவிட்டு அங்கே ஓடினேன். “ஒங்களுக்கெல்லாம் காது இருக்கா இல்லையா? மேல போகச் சொல்லி மூணு தரம் சொன்னோமே! இங்க வந்து நிக்கிறீங்களே, சாகவா?” என்று கத்தினேன்.

முன்வரிசையில் நின்றது பார்வதி. கொழுந்து எடுக்கிற பெண்களில் பேச்சுக்குப் பயப்படாதவள். அவள் குடையை மடக்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

“சங்கு ஊதுச்சு மிஸ். என்ன விஷயம்னு கேக்க வந்தோம். இங்கதான சொல்லுவாங்க? ஸ்கூல்ல போய் யாரக் கேக்குறது? தொரை இன்னும் வரலியா?”

நான் லயத்தில் பிறந்தவள். எங்கள் அப்பா தொழிற்சாலையில் கை நசுங்கிக் கிடந்ததை அம்மாவுக்குப் பெரட்டில்தான் சொன்னார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியதும் முடிந்ததும், யாராவது இறந்தால் எத்தனை மணிக்கு எடுப்பது என்பதும், எல்லாம் பெரட்டில்தான் தெரிய வரும். இத்தனை தலைமுறையாகச் சத்தம் கேட்டால் பெரட்டுக்கு வந்து, உத்தரவு கேட்டு, பிறகுதான் எங்கள் ஆட்கள் கால் எடுத்து வைத்திருக்கிறார்கள். உத்தரவு இல்லாமல் நகர்ந்தவனுக்கு அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நகரத்துக்குப் போய் மேசையில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டேன். அந்தச் சனங்களை அதட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தம்பி படிவத்தை நீட்டினார். நிறுவனத்துப் படிவத்தில் அளவுக்கென்று இருந்தது ஒரே ஒரு கட்டம்: சைரனிலிருந்து லயம் காலியாகும் வரை எத்தனை நிமிடம். பத்து நிமிடத்துக்குள் என்றால் வெற்றி.

“ஆறு நிமிஷம் அக்கா! இவ்வளவு வேகமா எங்கயும் வெளிய வந்ததில்ல. சைன் பண்ணுங்க.”

“வெளிய வந்து எங்க போனாங்க தம்பி?”

“அது பழக்கினா சரியாப் போயிடும். நீங்க ஃபெயில்னு எழுதினா பெட்டியக் கழட்டி வேற தோட்டத்துக்குக் கொண்டு போயிடுவாங்க. அப்புறம் இவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. யோசிங்க.”

அவர் சொன்னதும் உண்மைதான். பெருமழை தொடங்க ஆறு வாரம்கூட இல்லை. தோல்வி என்று எழுதினால் சைரன் போய்விடும். வெற்றி என்று எழுதினால் அந்தச் சைரனே ஒரு நாள் அத்தனை பேரையும் எழுப்பிக் கொண்டுபோய் மண்ணுக்கு அடியில் நிறுத்தும்.

சார் மேலிருந்து இறங்கி வந்து என் தாளை வாங்கிப் பார்த்தார். கோபத்தில் நான்காவது பத்தியை நான் வெறுமையாக விட்டிருந்தேன். அவர் அந்த இடத்தில் விரலை வைத்தார். “பெரட்டைப் பார்த்தார்கள்” என்று எழுதினேன். பிறகு நிறுவனத்துப் படிவத்தை வாங்கி, கட்டத்துக்குள் “ஆறு நிமிடம்” என்றும், கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் “போய்ச் சேர்ந்த இடம்: மண் விழும் இடம்” என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெற்றி, தோல்வி என்ற இரண்டில் எதையும் வெட்டவில்லை. தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைப் பையில் வைத்தார்.

“சனங்கள மாத்த ஆறு வாரம் போதாது சார்” என்றேன்.

“ஏன் மாத்தணும்? அவங்க ஒழுங்காத்தான் வந்தாங்க. எடம்தான் பிழை. பெரட்ட மேல கொண்டு போவோம்” என்றார் சார், சட்டையில் பட்ட சேற்றைத் தட்டிக்கொண்டே.

பெரட்டுக்களத்தை மாற்றுவது என்றால் துரை சம்மதிக்க வேண்டும். மறுநாள் பங்களாவுக்குப் போனோம். துரை சிங்களவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். சார் வரைபடத்தையும் என் தாளையும் மேசையில் வைத்தார். ஒரு கருப்பட்டித் துண்டைத் தன் வாயில் போட்டார், இன்னொன்றை என்னிடம் தந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

துரை படித்தார். “இவங்களுக்கு இன்னும் நல்லா சொல்லிக் குடுக்கணும்” என்றார். சார் பேசவில்லை. “காலையில எம்பது படி ஏறி எறங்கினா வேல நேரம் போயிரும்” என்றார். சார் பேசவில்லை. எனக்கு நாக்கு அரித்தது. “கீழ தகரக் கொட்டகை இருக்கு, மேல மழைக்கு ஒதுங்க என்ன இருக்கு?” என்று கேட்ட துரை, “பள்ளிக்கூடத்து விறாந்தை இருக்குத்தான்” என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். அதன் பிறகுதான் சாருக்குக் கருப்பட்டி கரைந்தது.

“காலையில பெரட்டு நேரம், ஆறரைக்குச் சைரன் ஊதினா, நீங்க எங்க நிப்பீங்க?”

துரை வரைபடத்தைத் திரும்பவும் தன் பக்கம் இழுத்தார். பெரட்டுக்களத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நானும் கீழதான் நிப்பேன்” என்றார். திங்கட்கிழமையிலிருந்து பெரட்டு பாடசாலை முற்றத்துக்கு மாறியது.

முதல் வாரம் என்னைத் திட்டாத ஆள் இல்லை. “ஒங்க புண்ணியத்துல முட்டி தேஞ்சு போச்சு மிஸ்” என்றாள் பார்வதி. கணக்கப்பிள்ளை, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பவர், படிகளில் மூச்சு வாங்கும்போதெல்லாம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். ஆனால் மூன்றாவது வாரத்துக்குள் பேச்சு மாறிவிட்டது. கொடுப்பனவுச் செய்தி, கல்யாணச் செய்தி, கோயில் கூட்டம், எல்லாம் மேலே என்று ஆகிவிட்டது. “பெரட்டுக்குப் போறேன்” என்றால் படியேறுவது என்றே அர்த்தம்.

அப்போது இரண்டாம் தடவை, மறுபடியும் ஒருவருக்கும் சொல்லாமல் ஊதினோம். நான் படிகளின் அடியில் நின்றேன். கதவுகள் திறந்தன. முதலில் வந்த ஆள் எந்தப் பக்கம் திரும்புவார் என்று அவர் காலையே பார்த்தேன். அவர் படிப் பக்கம் திரும்பினார். அவருக்குப் பின்னால் எல்லோரும் திரும்பினார்கள். கிழவர்களைத் தூக்கிக்கொண்டு, நடுவில் நின்று இளைத்து, மேலே போய் வரிசையில் நின்றார்கள்.

கடைசி ஆள் லயத்தை விட்டு வெளியேற எடுத்த நேரம் பதினொன்றரை நிமிடம். மேலே ஏற வேண்டும் என்று தெரிந்ததால் பாயையும் சட்டியையும் பிள்ளைக்குப் பால்மாவையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. “முன்ன ஆறு அக்கா. இப்ப பத்தத் தாண்டிருச்சு. இது தோல்வி!” அவருடைய கட்டத்தின்படி அது தோல்விதான். வேலை கெட்டிருந்தபோது எண் நன்றாக இருந்தது, வேலை சரியானதும் எண் கெட்டுவிட்டது. கட்டத்தை மாற்றச் சொல்லி, “பாதுகாப்பான இடத்துக்கு வந்து சேர்ந்த நேரம்” என்று போடச் சொல்லி, சார் கொழும்புக்கு எழுதினார். பதில் வரவில்லை. நல்லவேளையாகப் பெட்டியைக் கழற்றவும் யாரும் வரவில்லை. கடிதங்கள் அங்கே மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கும்போதே மழைக்காலம் வந்துவிட்டது.

அன்றைக்குப் பௌர்ணமி விடுமுறை, போயா தினம். தோட்டத்தில் வேலை இல்லை, எல்லோரும் லயத்தில் இருப்பார்கள். மூன்று நாளாக மழை விடவில்லை. நானும் சாரும் ஓர் அறிக்கையை முடிக்க அலுவலகத்துக்கு வந்திருந்தோம். பகல் இரண்டரை இருக்கும். எல்ல பாதையில் கடை வைத்திருக்கிற ஒருவர் போன் பண்ணினார். “மிஸ், மேல அந்த டிவிசன் பக்கம் மண் எறங்கிருச்சுன்னு சொல்றாங்க. பெரிய சத்தம் கேட்டுச்சு” என்றார். வேறு எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

பார்வதிக்கு எடுத்தேன். மணி அடிக்கவே இல்லை. துரைக்கு எடுத்தேன், கணக்கப்பிள்ளைக்கு எடுத்தேன். சார் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்தப் பெட்டி ஊதியதா? ஊதியிருந்தால் எங்கே போனார்கள்? அவசரத்தில் பழைய கால் பழைய இடத்துக்குப் போயிருந்தால்? பெரட்டை மாற்றச் சொன்னதை, கையெழுத்தை, கத்தியதை, எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். சாமிக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். அரைமணி நேரம் இருக்கும். அதை நான் எந்தக் கடிகாரத்திலும் பார்க்கவில்லை.

பிறகு போன் அடித்தது. பார்வதிதான்.

“மிஸ், கேக்குதா? கீழ எல்லாம் மண்ணு மிஸ். லயம் ரெண்டு மூடிருச்சு. கொட்டகை இருந்த எடமே தெரியல. சங்கு ஊதினதும் ஏறிட்டோம், நாங்க மேல இருக்கோம்.”

“எல்லாருமா? எல்லாரும் இருக்கீங்களா பார்வதி?”

“தெரியல மிஸ், பிள்ளைங்கள்லாம் கத்துதுங்க, ஒரே கூட்டம். இருங்க, கணக்கப்பிள்ளை பேர் கூப்புடுறாரு.”

போனைத் தூக்கிப் பிடித்தாள் போலிருக்கிறது. மழைச் சத்தத்துக்கு நடுவில் கணக்கப்பிள்ளையின் குரல் கேட்டது. வேலையாட்களின் பேர் எழுதிய செக்ரோல் புத்தகத்தை மழையில் நனையாமல் மடியில் கட்டிக்கொண்டு படியேறியிருக்கிறார் அந்த மனிதர். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். “இருக்கேங்க.” “இருக்கேன்.” “இருக்காருங்க, ஒக்காந்திருக்காரு.” நான் போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். சார் வந்து பக்கத்தில் நின்றார். முனியாண்டி என்று கூப்பிட்டபோது பதில் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பதில் இல்லை. சாரின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. மூன்றாம் தடவை கூப்பிட்டதும் எங்கோ தூரத்திலிருந்து, “வர்றேங்க, கக்கூஸுல இருக்கேன்!” என்று ஒரு குரல் வந்தது.

கடைசிப் பேர் வரை பதில் வந்தது. ஒரு பேர்கூடக் குறையவில்லை. வேலைக்குப் போகாத கிழவர்களையும் பிள்ளைகளையும் வீட்டுக்கு வீடு கேட்டு எண்ணினார்கள், அதுவும் சரியாக வந்தது. கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடியிருக்க வேண்டும். முப்பது வருடமாகப் பேர் கூப்பிட்டு முடித்ததும் சொல்கிற சொல்லைத்தான் அன்றைக்கும் சொன்னார்.

“சரி, எல்லாரும் கலையலாம்.”

யாரோ ஒரு பெண், பார்வதியாகத்தான் இருக்கும், “எங்கங்க கலையிறது?” என்று கேட்டாள். யாரோ ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சிரித்தார். பாதிப் பேர் வீடு, சாமி படம் என்று எல்லாவற்றையும் சற்றுமுன் மண்ணுக்குக் கொடுத்திருந்தும், நாற்பத்திரண்டு குடும்பமும் அந்த முற்றத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அவர்கள் சிரித்து முடிக்கிற வரைக்கும் நாங்கள் போனை வைக்கவில்லை.